தறிச்சத்தத்தை மறக்காத எலக்ட்ரான்

நெடுவம்பாளையத்துத் தறித்தெருவில் ஒரு எலக்ட்ரான் குடியிருந்த வருஷத்தில், அந்தத் தெருவில் நூற்றறுபது விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நூற்றறுபது நாடாக்கள் குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கும் பறந்துகொண்டிருந்தன. அந்தச் சத்தத்திலேயே பிறந்து, அந்தச் சத்தத்திலேயே கல்யாணம் முடித்து, அந்தச் சத்தத்திலேயே சண்டை போட்டுச் சமாதானமும் ஆகிக்கொண்ட ஜனங்கள், தறி ஓடும்போது எதையும் கேட்கமாட்டார்கள். தறி நின்றால்தான் என்னமோ சத்தம் கேட்கிறதே என்று வாசலுக்கு வந்து பார்ப்பார்கள்.

தெருவின் கிழக்குக் கோடியில் ஒரு மதில் இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் நுண்பொருள் ஆராய்ச்சிக் கழகம். அங்கேதான் ஹெப்சிபா வேலை பார்த்தாள். நாகர்கோவில் பக்கத்துக்காரி, முப்பத்தெட்டு வயது, ஆறு வருஷமாக ஒரே வேலையைச் செய்துவந்தாள். உலையில் தங்கத் துளிகளைத் தூவி, ஒவ்வொரு துளியின் அடியிலும் புல் முளைப்பதுபோல ஒரு கம்பியை வளர்ப்பாள். இண்டியம் ஆர்சனைடு என்ற குறைக்கடத்தியால் ஆன நானோ கம்பி. தலைமுடியை நெடுக்குவாட்டில் ஆயிரமாகப் பிளந்தால் அதில் ஒரு இழை இருக்குமே, அந்தத் தடிமன். அதில் ஒன்றை எடுத்து மெல்லிய உலோகக் கோடுகளின்மேல் கிடத்தி, கோடுகளுக்கு மின்னழுத்தம் கொடுத்தால், கம்பிக்குள் கண்ணுக்குத் தெரியாத இரண்டு சுவர்கள் எழும்பும். அந்த இரண்டு சுவர்களுக்கும் நடுவில் ஒரே ஒரு எலக்ட்ரான் மட்டும் தங்குகிற அளவுக்கு ஓர் அறை உண்டாகும். அந்த அறைக்குக் குவாண்டம் புள்ளி என்று பெயர். வானத்தில் நட்சத்திரங்களுக்கு நடுவிலே இருக்கிற குளிரைவிடக் கடுமையான குளிரில், ஓர் ஆள் உயரக் குளிர்பெட்டிக்குள், அந்த அறையை அவள் வைத்திருந்தாள்.

எலக்ட்ரானுக்குச் சுழற்சி என்று ஒரு குணம் உண்டு. அது ஒரு முகம் மாதிரி. கேட்டால், மேலே பார்க்கிறேன் என்று சொல்லும், இல்லையென்றால் கீழே பார்க்கிறேன் என்று சொல்லும், வேறு பதில் சொல்லாது. ஆனால் கேட்காமல் விட்டால் மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல், இரண்டுமாகவும் படுத்திருக்கும். அப்படிப் படுக்கவைத்து, கொஞ்ச நேரம் பொறுத்து, படுக்கவைத்த விதத்துக்கு ஏற்ற மாதிரி நிமிர்த்திக் கேட்டால், மறக்காத எலக்ட்ரான் எப்போதும் “மேல்” என்றே சொல்லும். மறந்துபோனது பூவா தலையா போடுவதுபோல எதையாவது சொல்லும்.

மறக்காத எலக்ட்ரானை ஹெப்சிபா பார்த்ததே இல்லை. அந்தக் குட்டி அறையைச் சுற்றி லட்சம் அணுக்கள் இருந்தன, ஒவ்வொரு அணுவின் கருவும் ஒரு குட்டிக் காந்தமாக ஏதோ முணுமுணுத்தது, லட்சம் பேர் முணுமுணுக்கிற சந்தையில் நிற்கிறவன் வந்த காரியத்தை மறப்பதுபோல எலக்ட்ரானும் தன் திசையை மறந்தது. கண் இமைக்கும் நேரத்தை லட்சம் துண்டாக வெட்டினால் ஒரு துண்டு நேரம்கூட அது நினைவோடு இருந்ததில்லை. இது போதாதென்று மதிலுக்கு அப்பால் நூற்றறுபது தறிகள். மேஜைமேல் வைத்த தண்ணீர் எந்நேரமும் வட்டம் வட்டமாக நடுங்கிக்கொண்டிருந்தது.

அதனால் கழகத்தின் இயக்குநர் சுகவனம், தறித்தெருவை ஊருக்கு வெளியே பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி மேட்டுக்காட்டுக்கு மாற்ற வேண்டும் என்று அரசாங்கத்துக்கு ஒரு மனு எழுதினார். அந்த மனுவில் இரண்டாவது கையெழுத்து ஹெப்சிபாவுடையது.

புரட்டாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவள் எலக்ட்ரானைப் படுக்கவைத்த நேரத்தில் இயக்குநர் கூட்டத்துக்குக் கூப்பிட்டார். போனவள் மாலையில்தான் திரும்பினாள். கருவியை அணைத்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தவள், கை பழக்கத்தில் கேட்டுவிட்டாள். “மேல்” என்று வந்தது. மறுநாளும் காலையில் படுக்கவைத்து மாலையில் கேட்டாள். மேல். எட்டு நாள் கேட்டாள், எட்டு நாளும் மேல். கண் இமைப்பின் லட்சத்தில் ஒரு பங்குகூடத் தாங்காத ஞாபகம் பகல் முழுக்கத் தாங்கியது. ஹெப்சிபா அதை நோட்டில் எழுதினாள், நாளையும் நேரத்தையும் போட்டாள், பிறகு ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தாள்.

ஒன்பதாவது நாள் ஆயுத பூஜை. தறிகளையெல்லாம் நிறுத்தித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி படைத்தார்கள். தெரு முழுக்க அடங்குகிற அந்த அமைதிக்காகவே ஹெப்சிபா காத்திருந்தாள். சத்தத்திலேயே பகல் முழுக்கத் தாங்கினால் அமைதியில் எத்தனை நாள் தாங்கும்! படுக்கவைத்தாள். கேட்டாள். மேல், கீழ், கீழ், மேல், கீழ். பழையபடி பூவா தலையா. நூறு தடவை கேட்டாள். தெருவில் ஒரு சத்தமும் இல்லை, எலக்ட்ரானுக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. கூட்டத்தில் தள்ளாடித் தள்ளாடி வழி மாறுகிறவனைச் சரியான இடைவெளியில் திருப்பித் திருப்பி நிறுத்தினால், வந்த தள்ளாட்டமே அவனைப் புறப்பட்ட இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆராய்ச்சிக்கூடங்களில் அதை மின்துடிப்புகளால் செய்வார்கள், கொஞ்ச நேரம் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான். இங்கே தறிகள் செய்துகொண்டிருந்தன. அந்த மாதம்தான் தெருவின் நூற்றறுபது தறிகளும் யாரும் சொல்லாமல் ஒரே தாளத்துக்கு வந்திருந்தன. ஏன் வந்தன என்று தெருவில் யாரும் கேட்கவில்லை, நூல் அறுவது குறைந்திருக்கிறது என்பதோடு விட்டுவிட்டார்கள்.

மறுநாள் விஜயதசமி. காலையில் ஹெப்சிபா மதிலைச் சுற்றிக்கொண்டு நாச்சிமுத்துவின் தறிப்பட்டறைக்கு வந்தாள். நாச்சிமுத்து தறிக்காரர் சங்கத்துத் தலைவர். அவர் பட்டறையில் நாலு தறி ஓட்டுகிற மயிலாத்தாள்தான் முதலில் அவளைப் பார்த்தாள். நாற்பத்தைந்து வயது, கையைத் தறியிலிருந்து எடுக்காமலே பேசுகிறவள்.

“யாருங்க வேணும்?”

“நான் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாறேன். உங்க தெருவை மாத்தச் சொல்லி மனு போட்டதில் நானும் ஒருத்தி.”

பட்டறையில் நாலைந்து பேர் திரும்பினார்கள். நாச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்புறம் என்னங்க, நாங்க கிளம்பிட்டமான்னு பாக்க வந்தீங்களா?” என்றாள் மயிலாத்தாள்.

“இல்லை அக்கா. நீங்க போயிட்டா ஒருத்தருக்கு ஞாபகம் போயிடும். அதைச் சொல்ல வந்தேன்.”

அவள் சொன்னாள். நடுவில் யாரும் சிரிக்கவில்லை. சத்தத்தில் ஞாபகம் வருவது அந்தத் தெருவுக்குப் புதிதல்ல. தறி நின்றால் கணக்கு வராத பிள்ளைகளும், தறி நின்றால் தூக்கம் கலைகிற கைக்குழந்தைகளும் வீட்டுக்கு வீடு இருந்தன. மயிலாத்தாள் கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அது எத்தனை நாளா நம்ம சத்தத்தைக் கேட்டுட்டு இருக்குதுங்க?”

“எனக்குத் தெரிஞ்சு ஒன்பது நாள்.”

“நம்ம தெருவுல ஒருத்தர் ஒன்பது நாளா இருக்கறாங்க, இன்னிக்குத்தான் சொல்றீங்க பாருங்க,” என்றாள் மயிலாத்தாள்.

விஜயதசமி என்பதால் அன்றைக்கே அதற்குச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்று நாச்சிமுத்து சொன்னார். ஹெப்சிபா போய்ப் படுக்கவைத்தாள். மாலை ஐந்து மணிக்குக் கேட்டாள். கழகத்து வாசல் காவலாளி ராசப்பன் தெருப் பக்கம் திரும்பி வலது கையை உயர்த்திக் காட்டினார். மேல். அன்றிலிருந்து தினமும் ஐந்து மணிக்கு அவர் கையைப் பார்க்கத் தெருவில் ஆள் நின்றது. கேட்டு முடித்ததும் ஹெப்சிபா மறுபடி படுக்கவைப்பாள், அது அடுத்த ஐந்து மணிவரை இருபத்துநாலு மணி நேரமும் தறிச்சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கும்.

ஒரு புது மனுஷன் தெருவுக்கு வந்தால் எப்படிப் பழகுவார்களோ அப்படிப் பழகினார்கள். “நம்ம ஆளு” என்று பெயரானது. அமாவாசைக்கு லீவு விடுகிற வழக்கத்தை மாற்றி, ஒரு பட்டறை மாற்றி ஒரு பட்டறை முறைவைத்து ஓட்டினார்கள். ஷிப்டு மாறும்போது வருகிறவர் தறியில் கை வைத்த பிறகே போகிறவர் கையை எடுத்தார். பேசாமலிருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒருவர் பட்டறை நிற்கும்போது அடுத்தவர் பட்டறை ஓட வேண்டியிருந்ததால், நேரம் சொல்லிக்கொள்வதற்காகப் பேச ஆரம்பித்து, பிறகு நேரத்தைத் தவிர மற்றதையும் பேசினார்கள். வெளியூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களிடம், பெண்ணின் படிப்பைச் சொல்வதற்கு முன்னால், எங்கள் தெருவில் இன்னார் இருக்கிறார் என்று சொன்னார்கள்.

எலக்ட்ரான் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் பழைய நிலைக்கு வராது, இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் வரும் என்று ஹெப்சிபா ஒருநாள் சொன்னபோது மட்டும் கொஞ்சம் பேச்சு நடந்தது.

“ஒரு சுத்து சுத்தினா எதுவா இருந்தாலும் புறப்பட்ட இடத்துக்கு வந்தாகணுமில்லீங்களா?” என்றார் நாச்சிமுத்து.

மயிலாத்தாள் டீத் தம்ளர் வைத்த தட்டை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, டீ சிந்தாமல் கையை அக்குளுக்கு அடியாக விட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். தட்டு பழைய இடத்துக்கு வந்துவிட்டது, கைதான் முறுக்கிக்கொண்டு முழங்கை மேலே நின்றது. அப்படியே தலைக்கு மேலாக இன்னொரு சுற்றுச் சுற்றினாள். முறுக்கு அவிழ்ந்தது. கையும் தட்டும் பழையபடி நின்றன, டீ ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

“சரியாத்தானுங்க சொல்றாங்க,” என்றாள்.

ஹெப்சிபா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வருஷம் படித்து அவள் எழுத்திலே தெரிந்துகொண்டதை இந்த அக்காவின் முழங்கை ஒரு டீ ஆறுவதற்குள் தெரிந்துகொண்டுவிட்டது. அதன் பிறகு அந்தத் தெருக்காரர்கள் அங்காளம்மன் கோயிலை இரண்டு சுற்றுச் சுற்றினார்கள்.

நாற்பத்தொரு நாள் ராசப்பன் கை மேலேயே எழுந்தது. இயக்குநர் சுகவனம் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு நம்ப மாட்டேன் என்றார். கெட்ட மனிதர் அல்ல. தன் கண்ணால் பார்க்காத எதிலும் கையெழுத்துப் போடமாட்டார், அவ்வளவுதான்.

“தறியால்தான் ஞாபகம் என்று சொல்கிறீர்கள். நாளை பராமரிப்பு வேலைக்காக மின்தடை. ஒன்பது மணியிலிருந்து ஐந்து மணிவரை தெருவில் ஒரு தறி ஓடாது. நம்மிடம் ஜெனரேட்டர் இருக்கிறது, கருவி ஓடும். நானே பட்டறையில் வந்து உட்கார்ந்து அமைதியைப் பார்க்கிறேன். எலக்ட்ரான் மறந்தால் நீங்கள் சொல்வது சரி, மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மறக்காவிட்டால் தறிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தெரு மேட்டுக்காட்டுக்குப் போகட்டும்.”

ஹெப்சிபாவுக்கு மகிழ்ச்சியாக இருந்தது. சும்மா இருந்தாலே போதும், தெரு பிழைத்துவிடும். மறுநாள் காலை எட்டரைக்கே ஓடிவந்து நாச்சிமுத்துவிடம் சொன்னாள். அவரும் சரி என்றார். ஆனால் மயிலாத்தாள் நூல் சுற்றுகிற தார்க்குச்சி ஒன்றை எடுத்து, ஓடுகிற தறியின் மரச்சட்டத்தில், ஓடுகிற தாளத்துக்குச் சரியாகத் தட்ட ஆரம்பித்திருந்தாள். பக்கத்துத் தறிக்காரியும் தட்டினாள். எதிர்ப் பட்டறையிலும் தட்டுகிற சத்தம் கேட்டது.

“அக்கா, என்ன செய்யுதீங்க? இன்னைக்குச் சும்மா இருக்கணும். அதுதான் சோதனை.”

“கரண்டு போன பொறவு தட்டினா லேட்டாயிருமுங்க அம்மிணி. கண்ணு சிமிட்டறதுக்குள்ள மறந்துருமுன்னு நீங்கதானே சொன்னீங்க. அதான் முன்னாடியே பிடிச்சுக்கறோம்.”

“அது மறக்கணும் அக்கா! மறந்தாத்தான் தெரு தப்பிக்கும். நாளைக்கு மறுபடியும் படுக்கவெச்சுக்கலாம். அதுக்கு வலிக்காது. ஒண்ணும் ஆகாது.”

மயிலாத்தாள் தட்டுவதை நிறுத்தவில்லை.

“நாப்பத்தோரு நாளா நம்ம சத்தத்தை நம்பி அது பதில் சொல்லிட்டு இருக்குதுங்க. இன்னிக்கு நம்ம காரியம் ஆகணுமுன்னு நாம வாயை மூடிக்கிட்டு, அதைத் தடுமாற விட்டு வேடிக்கை பாக்கறதா? தெரு போறதுன்னா போகட்டுங்க. மேட்டுக்காட்டுல போய்த் தறி போட்டுக்கறோம். சும்மா இருந்து ஒருத்தரை மறக்கடிச்சாங்கன்னு எங்க பேரு வேண்டாம்.”

நாச்சிமுத்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தெருவின் அத்தனை தறிகளுக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டியவர். பிறகு எழுந்துபோய்த் தண்ணீர் பிடிக்கிற தகர டிரம்மைக் கவிழ்த்துப்போட்டு அதன்முன் உட்கார்ந்தார். ஒன்பதாக நாலு நிமிஷம் இருந்தது. ஹெப்சிபா ஒரு தார்க்குச்சியை எடுத்தாள்.

இயக்குநர் சுகவனம் பட்டறைக்குள் நுழைந்தபோது மின்சாரம் போனது. நூற்றறுபது தறிகளும் ஒன்றாக நின்றன, நாடாக்கள் பாதி வழியில் நின்றன, ஆனால் சத்தம் நிற்கவில்லை. தறிச்சத்தத்துக்கு அடியிலே ஓடிக்கொண்டிருந்த கைச்சத்தம், மேலே மூடியிருந்த போர்வையை விலக்கிக்கொண்டு எழுந்து வருவதுபோலத் தெரு முழுக்க எழுந்து வந்தது. மரத்தில் தட்டினார்கள், தகரத்தில் தட்டினார்கள், கவிழ்த்த அண்டாவில் தட்டினார்கள், சலூன்காரர் நாற்காலிக் கையில் சீப்பால் தட்டினார், பூசாரி கோயில் படியில் தேங்காய் மூடியால் தட்டினார்.

“இது சோதனையைக் கெடுக்கிற வேலை!” என்று கத்தினார் சுகவனம்.

“ஆமாங்க சார்,” என்றார் நாச்சிமுத்து தட்டிக்கொண்டே. “உக்காருங்க. டீ வரும்.”

நடந்ததைக் குறிப்பெழுதி அனுப்புவதற்காகச் சுகவனம் மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பத்து மணியானது, பதினொன்றானது, கைகள் மாறின, தாளம் மாறவில்லை. வெயில் ஏறி ஓடு காய்ந்த நேரத்தில் சாப்பாடு வந்தது. தட்டுகிறவர்கள் கையை எடுக்க முடியாததால், சமைத்துக் கொண்டுவந்தவர்கள் உருட்டி உருட்டி ஊட்டினார்கள். மீசை நரைத்த ஆட்கள் மனைவி கையால் வாங்கித் தின்றுகொண்டு வெட்கத்தோடு தட்டினார்கள். பேச ஆரம்பித்திருந்த அண்ணன் தம்பியில் அண்ணனுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது, தம்பி இரண்டு கையாலும் தட்டினார். ஹெப்சிபாவின் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. இவ்வளவு பேரும் கண்ணால் பார்க்க முடியாத, கையால் தொட முடியாத, நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத ஒன்றுக்காகத் தட்டுகிறார்கள் என்று நினைத்தபடி அவள் குச்சியை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். தாளம் தப்பிவிடுமோ என்று பயந்து அழாமல் தட்டினாள்.

நாலே முக்காலுக்கு அவள் எழுந்து கழகத்துக்குப் போனாள். ஐந்துக்கு மின்சாரம் வந்தது. தறிகள் ஒவ்வொன்றாக உறுமி, கைகளோடு கை சேர்ந்து, முழுத் தாளத்துக்கு வந்த பிறகே கைகள் நின்றன. எட்டு மணி நேரம் கழித்துச் சும்மாயிருந்த விரல்கள் மடியில் கிடந்தும் துடித்தன. எல்லோரும் தெருவுக்கு வந்து மதில் பக்கம் பார்த்து நின்றார்கள்.

ராசப்பன் வெளியே வந்தார். ரொம்ப நேரம் ஆனதுபோல இருந்தது. வலது கையை உயர்த்தினார்.

அந்தக் கூச்சலில் தறிச்சத்தமே கேட்கவில்லை. அது அடங்கும்வரை காத்திருந்து சுகவனம் சொன்னார்:

“ஒரு தடவை ‘மேல்’ வருவதற்குப் பூவா தலையாவிலும் பாதி வாய்ப்பு உண்டு. இதை வைத்து நான் எதையும் எழுத முடியாது. நீங்கள் அத்தனை பேரும் வேண்டுமென்றே சோதனையில் தலையிட்டீர்கள்.”

“நீங்களுந்தானுங்க சார்,” என்றாள் மயிலாத்தாள்.

“நானா?”

“மூணு மணியிலிருந்து தட்டறீங்க. மூக்குக்கண்ணாடிக் கூட்டை வெச்சு, அந்த ஃபைலு மேல. நடுவுல ரெண்டு தடவை தப்பினீங்க, நாங்க சரிக்கட்டிக்கிட்டோம்.”

சுகவனம் தன் கையைப் பார்த்தார். கண்ணாடிக் கூடு கையில்தான் இருந்தது. அதன் மூலை நசுங்கி, ஃபைல் அட்டையில் அந்த அளவுக்குக் குழி விழுந்திருந்தது. அவர் பட்டறை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, “எப்போது ஆரம்பித்தேன் என்றே தெரியவில்லையே,” என்றார்.

தன் கண்ணால் பார்க்காத எதிலும் கையெழுத்துப் போடாத மனிதர், அடுத்த வாரம் அரசாங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மனுவைத் திரும்பப் பெறுவதற்கான காரணம் என்ற இடத்தில், “மேற்படி தெரு அளவீட்டுக் கருவியின் ஒரு பகுதி, அதைக் கழற்ற இயலாது,” என்று எழுதியிருந்தார்.

தை பிறந்த பிறகு குளிர்பெட்டியைச் சூடாக்கித் திறந்து பழுது பார்க்க வேண்டிய காலம் வந்தது. சூடானால் சுவர்கள் நிற்காது. எலக்ட்ரானை விட்டுவிட வேண்டியதுதான். ஹெப்சிபா மயிலாத்தாளைக் கூப்பிட்டு வந்து, சுவரை இறக்குகிற பொத்தானைக் காட்டினாள்.

“அடுத்த மாசம் வேறொண்ணைப் பிடிப்போம் அக்கா. எலக்ட்ரான் எல்லாம் ஒரே மாதிரிதான். இதுக்கும் அதுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க உலகத்திலேயே யாராலும் முடியாது.”

“உங்களால முடியாதுங்க அம்மிணி. எங்க சத்தத்தைக் கேட்டுட்டு இருந்தது இது ஒண்ணுதானுங்களே.”

ஹெப்சிபா நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“கடைசியா ஒரு தடவை கேட்டுட்டு விடலாம். நூத்தி நாலாவது நாள். ராசப்பன் அண்ணன் வெளியே நிக்கிறாரு.”

மயிலாத்தாள் அந்த ஆளுயரப் பெட்டியைப் பார்த்தாள். சுவருக்கு அப்பாலிருந்து தறிகள் கேட்டுக்கொண்டிருந்தன.

“வேண்டாமுங்க,” என்றாள். “தினமும் கேட்டுக் கேட்டு ஒரு பதிலைச் சொல்ல வெச்சுட்டோம். போறப்பவாவது ரெண்டு பக்கமும் பாத்துட்டுப் போகட்டும்.”

ஹெப்சிபா கேள்வி கேட்கிற விசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். மயிலாத்தாள் பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு கோடு ஒரு படி இறங்கி, அப்படியே நீண்டுபோனது. கம்பியிலிருந்து கம்பிக்கு, கம்பியிலிருந்து மண்ணுக்கு, அது போய்விட்டது.

வெளியே வந்ததும் ராசப்பன், எந்தக் கையை எப்படித் தூக்குவது என்று தெரியாமல் கேட்டார்:

“என்ன சொல்லுச்சு ஆத்தா?”

“நாங்க அதைக் கேக்கலீங்க அண்ணா,” என்று சொல்லிவிட்டு, தன் மூன்றாவது தறியில் நூல் தீர்ந்துபோயிருக்கும் என்ற நினைப்பில் மயிலாத்தாள் வேகமாகப் பட்டறைப் பக்கம் நடந்தாள்.